ஏழாவது கல்லும் வளர்மதி அக்காவும்

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். கள்ளக்குறிச்சியில் நாங்கள் வேலை செய்யும் மாடி அறைக்குக் கீழே ஷெரீப் பாயின் இரும்புக்கடை இருக்கிறது. அன்று ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. பாய் வெளியே நின்றுகொண்டு கைப்பேசியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். நான் பக்கவாட்டுப் படியில் கால் வைத்ததும், “மேல போவாத பாப்பா,” என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “வளரு பூட்டாங்க. விடிகாலைல. தலைக்குள்ள ரத்தக்கொழா வெடிச்சிப்போச்சாம். அவங்க அம்மா இப்பதான் போன் பண்ணாங்க.”

கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்திருந்தேன். நான் செய்த ஒரு தவற்றை வளர்மதி அக்காவிடம் ஒப்புக்கொள்ளும் வாக்கியம். ஒன்பது நாளாகத் தினமும் பழகி, தினமும் சொல்லாமல் வீடு திரும்பியிருந்தேன். அன்று எப்படியும் சொல்லிவிடுவது என்று இருந்தேன். பாய் ஷட்டரை மறுபடி இறக்கினார். படியில் வைத்த காலை எடுக்கத் தோன்றாமல் நான் நின்றுகொண்டிருந்தேன். அந்த வாக்கியம் அதன்பிறகும் என்னை விட்டுப் போகவில்லை. துணி துவைக்கும்போதும் வந்தது. தண்ணீர் பிடிக்கும்போதும் வந்தது. யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அக்காவின் துறை நண்பர்கள் கொண்டுவரும் நினைவுத் தொகுப்பில் என்னையும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் பத்தாவதோடு நின்றவள். கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். அவரை அறியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

வளர்மதி அவர்கள் தியாகதுருகத்துக்காரர். வயது முப்பத்து நான்கு. நிலவியல் படித்துவிட்டுக் கல்வராயன் மலையின் பாறைகளை ஆராய்ந்துவந்தார். மலையில் ஒரு கல்லை எடுக்கும் முன், அது இருந்த நிலையிலேயே மேல் எது, வடக்கு எது என்று வெள்ளைப் பெயிண்டால் குறி போடுவார். பிறகு அந்தக் கல்லிலிருந்து விரல் நீளத்துக்கு ஓர் உருளை அறுக்கப்படும். சென்னையில் ஓர் ஆய்வகத்தில், மனிதர்களுக்கு எடுப்பதுபோல அதற்கு சிடி ஸ்கேன் எடுப்பார்கள். வாழைத்தண்டை வில்லை வில்லையாக அரிந்ததுபோல ஒரு கல்லுக்கு நூற்றுக்கணக்கில் படங்கள் வரும். அந்தப் படங்களை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் திரையில் கல் முழுதாக எழும். அதைச் சுற்றிப் பார்க்கலாம். நடுவில் புகுந்து பார்க்கலாம்.

உள்ளே கார்னெட் என்னும் மணிகள் இருக்கும். மாதுளை முத்து நிறம், கையில் பார்த்தால். திரையில் வெள்ளையாகத் தெரியும். முன்னொரு காலத்தில் பூமியின் ஆழத்தில் பாறை சூடேறி இளகி இழுபட்டபோது, மைக்கா என்னும் காக்காப்பொன் தகடுகள் இந்த மணிகளைச் சுற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் வால்போல நீண்டுவிட்டனவாம். வால் எப்படி வளைகிறது என்று பார்த்தால் பாறை எந்தப் பக்கம் நகர்ந்தது என்று சொல்லிவிடலாம். அக்காவின் கேள்வி அது ஒன்றுதான். இந்த மலை எந்தப் பக்கம் போனது? நிற்கிற மலையைப் பற்றி இப்படி ஒருவர் கேட்பார் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது.

நான் அப்போது ஷெரீப் பாய் கடையில் வேலைக்கு இருந்தேன். சாக்கில் கலந்து கிடக்கும் திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்து டப்பாக்களில் போடும் வேலை. வாடிக்கையாளர்களிடம் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. ஒருநாள் அக்கா பிளாஸ்டிக் டப்பா வாங்க வந்தார். வந்தவர் வாங்காமல் என் பக்கத்தில் நின்றுகொண்டு என் கையையே பார்த்தார். நான் அளவுகோல் வைப்பதில்லை. அரை அங்குலமா முக்கால் அங்குலமா என்பது பார்த்தாலே தெரிந்துவிடும். அக்கா ஒரு கைப்பிடி அள்ளி மறுபடி கலந்துவிட்டார். நான் மறுபடி பிரித்தேன். இன்னொரு கைப்பிடி கலந்தார்.

“இன்னா வளரு, பொண்ண வேல செய்ய வுடமாட்டியா?” என்றார் பாய்.

“பாய், இந்தக் கண்ண எனக்குக் குடுத்துடுங்க,” என்றார் அக்கா. பிறகு என்னிடம் குனிந்து, “மேல வந்து கம்ப்யூட்டர்ல வேல பாக்கிறியா? வாய் பேச வேணாம். கண்ணு போதும்,” என்றார்.

அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களுக்காகத்தான் நான் மாடி ஏறினேன்.

மணிகளை மென்பொருளே தனியாகப் பிரித்துவிடும். வால்களைப் பிரிக்க அதற்குத் தெரியாது. ஒரு மணியின் வால் அடுத்த மணியின் வாலோடு ஒட்டிக்கிடக்கும். எது யாருடையது என்று படம் படமாகப் பார்த்து வண்ணம் பூசுவது என் வேலை. ஒரு கல்லுக்கு மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரமும் அக்கா என் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருப்பார்.

அவரால் உட்கார முடியாது. அறையில் அவருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதன்மேல் எப்போதும் கற்கள் இருந்தன. சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தபடியே சாப்பிடுவார். போனில் பேசினால் படியிறங்கிக் கடைவரை போய்த் திரும்பி வருவார். ஸ்கேன் படங்கள் வருவதற்குத் தாமதமானால், வந்துவிட்டதா என்று பார்க்கவே நாற்பது தடவை கணினியைத் திறந்து மூடுவார். மூடிவிட்டு, “மலைக்கு ஒரு நட போய்க்கினு வந்துடலாமா?” என்பார். வெள்ளிமலை பஸ்ஸில் இருவரும் ஏறுவோம். மரவள்ளிக் காட்டு வரப்புகளில் அவர் நடக்கும் வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருக்கும். ஒரு பாறைமுன் வந்ததும் மட்டும் அப்படியே நின்றுவிடுவார். அப்போது மூச்சு விடுகிறாரா என்று சந்தேகமாக இருக்கும்.

இரண்டாவது கல்லில் எங்களுக்குள் சண்டை வந்தது. ஒரு நீண்ட தகட்டை இந்த மணியின் வாலாகச் சேர்க்கச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். மறுபடி சொன்னார். மறுபடி ஆட்டினேன். “வாயத் தொறந்து சொல்லேன், ஏன்னு,” என்றார்.

“அது அடுத்த வூட்டு வாலுக்கா,” என்றேன்.

முப்பது படம் தாண்டிக் காட்டினேன். அந்தத் தகடு திரும்பிப் பக்கத்து மணியில்தான் போய்ச் சேர்ந்தது. அக்கா சிரித்துக்கொண்டே ஜன்னல்வரை போய்த் திரும்பினார். அன்று மாலையே தன் வழிகாட்டிப் பேராசிரியரிடம் போனில், “சார், இது அடுத்த வூட்டு வாலு சார். எங்க பவித்ரா சொல்லிட்டா,” என்று சொல்வது எனக்குக் கேட்டது. பிறகு நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். பேராசிரியரும்கூட.

அக்காவைப் பற்றி நான் கட்டாயம் எழுத வேண்டிய ஒன்று, சுத்தியல் கதை. வெள்ளிமலைக்குப் பக்கத்தில் நான்கு கற்கள் எடுத்து வந்திருந்தோம். அங்கே எடுத்த புகைப்படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று எழுந்துவிட்டார். படத்தில் பாறைமேல் திசைகாட்டி இருந்தது. அதன் பக்கத்திலேயே அவருடைய இரும்புச் சுத்தியலும் இருந்தது. இரும்பு பக்கத்தில் இருந்தால் முள் விலகிவிடும். அப்படியானால் கல்லில் போட்ட வடக்கு வடக்கே இல்லை.

உடனே பேராசிரியருக்குப் போன் போட்டார். “சார், நாலு கல்லக் கணக்குலேருந்து எடுத்துடுங்க. சுத்திய பக்கத்துல வச்சிக்கினு வடக்கு பாத்திருக்கேன்.” முள் கொஞ்சம்தானே விலகியிருக்கும் என்று அவர் சொல்லியிருப்பார் போல. “எவ்ளோன்னு எனக்குத் தெரியாது சார். அதனாலதான் எடுக்கச் சொல்றேன்,” என்றார் அக்கா.

அந்த நான்கு கற்களையும் அவர் வீசவில்லை. ஒவ்வொன்றின்மேலும் பெயிண்டால் “தவறு: வளர்மதி” என்று எழுதினார். மூன்றை அலமாரியில் வைத்தார். நான்காவதை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, பார்த்தேன். அவரே சொன்னார். “தூக்கிப் போட்டுட்டா, இன்னொரு தபா அதே சுத்திய அங்கியே வைப்பேன்.”

இனி ஏழாவது கல்.

படங்களை வரிசையாக அடுக்கும் வேலையை எப்போதும் அக்காதான் செய்வார். ஏழாவது கல்லின் படங்கள் வந்த அன்று அவர் சென்னை போயிருந்தார். “நீயே அடுக்கிடு பவி, பாத்துக்கினே இருந்தியே,” என்று போனில் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுக்கும்போது மென்பொருள் ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டும், வரிசையைத் திருப்பி அடுக்கவா என்று. முதல் படம்தான் கல்லின் உச்சி. “1 = மேல்” என்று அக்கா எழுதிய சீட்டும் சுவரில் ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. கட்டத்தில் டிக் போட்டேன்.

ஏன் போட்டேன் என்று பிறகு பல நாள் யோசித்தேன். என் அப்பா அம்மா வருடத்தில் பாதி நாள் செங்கல் சூளையில் இருப்பவர்கள். நானும் அங்கே வளர்ந்தவள். சுடாத பச்சைக்கல் அடுக்கும்போது முதல் வரிசை என்றால் தரையில் இருப்பது. இரண்டாவது அதன்மேல். எந்த அடுக்கும் மேலிருந்து தொடங்கி நான் பார்த்ததில்லை. ஒன்று என்றதும் என் கை அதைக் கீழே வைத்துவிட்டது.

அப்படித் திருப்பினால் கல் தலைகீழாக ஆகும் என்று நினைக்கலாம். அது மட்டுமென்றால் பரவாயில்லை, திருப்பிப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அது கண்ணாடியில் தெரியும் கல்லாக ஆகிவிடுகிறது. மணிகள் அத்தனையும் இருக்கும். அளவு சரியாக இருக்கும். வால்கள் மட்டும் எதிர்ப்பக்கம் வளையும். பார்ப்பவருக்கு எதுவும் உறுத்தாது.

அதற்கு முன் பார்த்த ஆறு கற்களும் கிழக்கு என்றன. கோமுகி அணைக்கு மேலே, ஓடைக்குள் எடுத்த ஏழாவது கல் மட்டும் மேற்கு என்றது.

அந்த வாரத்திலிருந்து அக்கா நடந்த நடையை என்னால் எழுத முடியவில்லை. பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்கவில்லை, ஸ்கூட்டரிலேயே மலையேறினார். ஒரே இடத்துக்கு மூன்று முறை. வெளிப்பாறை வெயிலில் தேய்ந்து கிடந்ததால் அங்கே கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் முறை காய்ச்சலோடு போனார். பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு கற்கள் எடுத்து வந்தார். “இந்த ஒரு எடம் மட்டும் ஏன் பவி திரும்பி நடந்துச்சி? யாரு கூப்ட்டா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார்.

பிறகு ஒருநாள் நான் மேசையைத் துடைத்தேன். ஏழாவது கல்லின் உருளை கையில் வந்தது. அதில் நீளவாக்கில் ஒரு கோடு கீறியிருக்கும். கோட்டுக்கு வலப்பக்கம், மேல் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. திரையில் அந்தச் சில்லு கீழ் விளிம்பில் இருந்தது. நான்தான் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று உருளையைத் திருப்பினேன். சில்லு கீழே வந்தது, ஆனால் கோட்டுக்கு இடப்பக்கம் போய்விட்டது. எப்படித் திருப்பினாலும் சேரவில்லை. இடது கால் செருப்பை வலது காலில் மாட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. அப்போதுதான் சுவரில் இருந்த சீட்டைப் பார்த்தேன்.

அக்கா அப்போது பின்னால் நடந்துகொண்டுதான் இருந்தார். திரும்பிச் சொன்னால் முடிந்தது. நான் உருளையைத் துணியில் சுற்றி டப்பாவில் வைத்தேன்.

மூன்றாம் நாள் அவரே கேட்டார். “இன்னா பவி, மௌஸே நவுர மாட்டேங்குது?”

“ஒண்ணுமில்லக்கா.”

“ஒண்ணுமில்லன்னா ஏழத் தொற. இன்னொரு தபா பாப்போம்.”

திறந்தேன். இருவரும் பார்த்தோம். அவர் திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, அந்தத் தவறான வால்களை ஒவ்வொன்றாக விரலால் தொடர்ந்துகொண்டு போனார். அவர் அசையாமல் நின்று நான் பார்த்த மிக நீண்ட நேரம் அதுதான். வாய் பேச வேண்டாம் என்றுதானே என்னை அழைத்தார், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைவிட மோசமான சாக்கு நான் சொன்னதில்லை. அதற்கு ஆறாம் நாள் அவர் இறந்தார்.

தியாகதுருகத்தில் அவர் வீட்டு முற்றம் நிறைய ஆட்கள். அவருடைய அம்மா அழுது ஓய்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். “மலை கெழக்கதான் போச்சின்னு எல்லாரும் சொல்லிக்கினு இருந்தாங்க. எம்பொண்ணு ஒருத்திதான் மேக்கால போன எடத்தக் கண்டுபுடிச்சா. மூணு தபா ஏறி எறங்கிக் கண்டுபுடிச்சா.” கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பேராசிரியர் என்னருகே வந்து, தொகுப்பில் நானும் எழுத வேண்டும் என்றார். “ஏழாவது கல்லப் பத்திக் கட்டாயம் எழுதும்மா. அத உன்னவிடப் பக்கத்துல பாத்தவங்க இல்ல.”

அதன்பின் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சொன்னால், அந்த அம்மாவிடம் மிச்சமிருக்கும் ஒன்றையும் நான் பிடுங்கிவிடுவேன். சொல்லாவிட்டால், அக்கா கடைசியாக எடுத்து வந்த இரண்டு கற்களை யாராவது ஒருநாள் ஸ்கேன் செய்து, ஏழாவது தவறு என்று கண்டுபிடிப்பார்கள். வளர்மதி என்று ஒருவர் இருந்தார், கல்லை ஒழுங்காக அடுக்கத் தெரியாதவர், என்று எங்கேயாவது எழுதிவிடுவார்கள். அவர் பெயர் அவர் செய்யாத தவற்றின்மேல் இருக்கும். வயல் வரப்பில் நடந்தேன். கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில் ஏறாமல் மூன்று பஸ்ஸை விட்டேன். அக்காவைப்போல நடந்து பார்த்தேன். ஒன்றும் தீரவில்லை.

பத்தாம் நாள் பாயிடம் சாவி வாங்கி மாடிக்குப் போனேன். நாற்காலிமேல் கற்கள் அப்படியே இருந்தன. ஏழாவது கல்லை முதலிலிருந்து அடுக்கினேன். இந்த முறை கட்டத்தைத் தொடவில்லை. கல் திரையில் எழுந்தது. உருளையைப் பக்கத்தில் பிடித்தேன். சில்லும் கோடும் சேர்ந்தன. வால்களைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கீழே போய் பாயிடம், தியாகதுருகம் போகிறேன் என்றேன்.

அக்காவின் அம்மா தனியாக இருந்தார். உருளையைக் கையில் வைத்துக்கொண்டு, பழகிய வாக்கியத்தைச் சொன்னேன். அது என் வாயிலிருந்து வெளியே வந்தபோது பழகியதுபோல இல்லை. நடுவில் இரண்டு முறை நின்றுவிட்டது. அவர் என்னையே பார்த்தார்.

“அப்ப மேக்கால போவலியா?”

“இல்லம்மா. கெழக்கதான்.”

“ஜொரத்தோட ஏறினாளே?”

“என்னாலதாம்மா.”

மலையேறியிருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ரத்தக்குழாய் எப்போது வேண்டுமானாலும் வெடித்திருக்கும் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. போகச் சொல்கிறாரா என்று தெரியாமல் நின்றேன். வரும்போது கதவுக்கு முட்டாக இருந்த கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து என்முன் வைத்தார். பெயிண்ட் எழுத்து கால்பட்டுத் தேய்ந்திருந்தாலும் படிக்க முடிந்தது. “தவறு: வளர்மதி.”

“இதுல அவ பேரு கீது,” என்றார். “அவ எழுதிக்கினா. ஒம் பேர நீ எழுது. எழுதிட்டு எங்கிட்ட கொண்டாந்து காட்டு.”

அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

திரும்பி வந்து கணினியில் பழைய அடுக்கின் பெயரை மாற்றினேன். அழிக்கவில்லை. “தவறு: பவித்ரா” என்று பெயரிட்டு, சரியான அடுக்கின் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். இரண்டையும் இந்தக் கட்டுரையோடு பேராசிரியருக்கு அனுப்புகிறேன். அச்சானதும் முதல் பிரதி தியாகதுருகம் போக வேண்டும், நானே கொண்டுபோவேன். புதிய இரண்டு கற்களையும் சென்னைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவையும் கிழக்கே போனால்தான் எனக்குத் தூக்கம் வரும். மேற்கே போனால், வேறொருவர் அடுக்கிப் பார்க்கும்வரை நம்ப மாட்டேன்.

இதை எழுதும்போது அறையில் யாரும் நடக்கவில்லை. நான்தான் நடுவில் நடுவில் எழுந்து ஜன்னல்வரை போய் வருகிறேன். ஏழாவது கல் மேசைமேல் நிற்கிறது, கோடு என் பக்கம், சில்லு மேலே வலதுபுறம்.

போய் வாருங்கள் அக்கா. பஸ்ஸில் பழகிக்கொண்டு வந்தது இவ்வளவுதான். ஏழாவது கல்ல நான்தான் திருப்பி அடுக்கிட்டேன். மறுபடியும் பாத்தேன். அதுவும் மத்த கல்லுங்களோடதான் போவுது, கெழக்க.